கட்டத்தை நீலத்தில் போடுங்கள்

அன்புள்ள பென்சில் ஓவியர்களுக்கு,

சிறுவர் கதைகளுக்கும் இதழ்களுக்கும் நீங்கள் வரைந்து தரும் படங்களை ஸ்கேன் கோப்பாக வாங்கி, சுத்தம் செய்து, பக்கத்தில் ஏற்றுவது என் தொழில். அச்சகத்துக்குப் போகும் முன் உங்கள் படத்தைக் கடைசியாகத் தொடும் ஆள் நான். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை எல்லோருக்கும் பொதுவாக ஒரு தடவை எழுதிவிடலாம் என்று இந்த மடல்.

படங்களோடு வரும் குறிப்புகளில் இது அடிக்கடி இருக்கும்: “கட்டம் லேசா தெரியுது, போட்டோஷாப்ல எடுத்துடுங்க.” கட்டம் மட்டும் இல்லை. தலைக்குப் போட்ட முட்டை வடிவம், கண்மட்டத்துக்கு இழுத்த குறுக்குக்கோடு, தெருவின் இருபக்கமும் தூரத்துப் புள்ளியை நோக்கி ஓடும் கோடுகள், பேச்சுப் பலூனில் எழுத்து நேராக நிற்பதற்கான இரட்டைக்கோடு என்று எல்லாம் வருகின்றன. படத்தை நிற்க வைத்த துணைக்கோடுகள் இவை. நின்ற பிறகு போய்விட வேண்டும். போகாமல் பாட்டியின் கன்னத்தில் ஒரு செங்குத்துக் கோடாகவும், யானையின் வயிற்றில் கட்டம் போட்ட சட்டையாகவும் என் திரையில் வந்து நிற்கின்றன.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். துணைக்கோட்டை எடுக்கும் வேலை கணினியில் தொடங்குவதில்லை. எந்தப் பென்சிலால் அதைப் போட்டீர்கள் என்பதிலேயே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

காரணம் எளிது. கணினிக்குக் கன்னமும் தெரியாது, கட்டமும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். 0 என்றால் இருள், 255 என்றால் முழு வெளிச்சம். கட்டத்தையும் அதே எச்.பி. பென்சிலால் போட்டு, கன்னத்து நிழலையும் அதே பென்சிலால் தீட்டினால் இரண்டின் எண்களும் ஒன்றுபோலவே இருக்கும். அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்கலாம். இரண்டு வீட்டு அரிசியைக் கொட்டிக் கலந்துவிட்டு என் வீட்டு அரிசியைப் பொறுக்கிக் கொடு என்றால் யாரால் முடியும்? மென்பொருள் எவ்வளவு விலை என்பது இங்கே பேச்சே இல்லை.

வேறு நிறத்தில் போட்டால் கதையே வேறு. இது கணினிக்கு முந்தைய அறிவு. படத்தைப் பெரிய கேமராவில் பிடித்து, பிலிமிலிருந்து அச்சுக்குத் தட்டோ பிளாக்கோ செய்த காலத்தில், கோட்டுப் படங்களுக்குப் பயன்பட்ட லித்தோ பிலிம் நீல, பச்சை ஒளியை உணரும், சிவப்பை உணராது. வெளிர்நீலக் கோட்டிலிருந்து திரும்பி வரும் நீல ஒளி அந்தப் பிலிமில் வெள்ளைத் தாளைப் போலவே பதியும். எனவே நீலத்தில் போட்டதைக் கேமரா பார்க்கவே பார்க்காது. மேலே மையில் இழுத்த கறுப்பு மட்டும் பதியும். சிவப்பு அதற்கு நேர்மாறாக முழுக் கறுப்பாக விழும். பக்கம் ஒட்டுகிறவர்கள் அளவுக் குறிப்பு எழுதவும், காமிக்ஸ் வரைபவர்கள் உருவங்களைக் கட்டவும், வெளிநாடுகளில் இதற்கென்றே ஒரு வெளிர்நீலப் பென்சில் விற்றார்கள். இப்போதும் விற்கிறார்கள். அமெரிக்க காமிக்ஸில் பென்சிலில் வரைபவர் ஓர் ஊரிலும் மை தீட்டுபவர் இன்னோர் ஊரிலும் இருந்தால், பென்சில் படத்தை ஸ்கேன் செய்து வெளிர்நீலத்தில் அட்டையில் அச்சிட்டு, அதன் மேல் மை தீட்டுவதும் வழக்கம். மை காய்ந்ததும் மறுபடி ஸ்கேன், நீலம் கழன்றுவிடும்.

பிலிம் போய் ஸ்கேனர் வந்தபின் இந்த உபாயம் இன்னும் வசதியாகிவிட்டது. பிலிமுக்கு ஒரே கண். ஸ்கேனருக்கு மூன்று. அந்த மூன்றும் மென்பொருளில் ‘சேனல்’ என்ற பெயரில் தனித்தனியாகக் கிடக்கின்றன. எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

எண்களில் காட்டுகிறேன். ஒரு ஸ்கேனில் வெள்ளைத் தாள் சிவப்பு 245, பச்சை 243, நீலம் 238 என்று இருக்கிறதென்று வையுங்கள். ஸ்கை ப்ளூ பென்சில் கோடு 160, 205, 240. உங்கள் 2பி பென்சில் கோடு மூன்றிலும் 90. இப்போது நீலச் சேனலை மட்டும் பாருங்கள். தாள் 238, நீலக்கோடு 240. வித்தியாசமே இல்லை, கோடு தாளோடு கரைந்துவிட்டது. 2பி கோடு 90 என்றே நிற்கிறது. பென்சில் கோடு நீலக்கோட்டைக் கடக்கும் இடத்தைப் பாருங்கள்: அங்கும் பென்சிலின் இருட்டு அப்படியே இருக்கும். கோடு அறுபடாது. நீலத்தைத் தேர்ந்தெடுத்து டிலீட் அடிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வழியில் கடக்கும் இடமெல்லாம் துளை விழும், ஓரமெல்லாம் நீலப் பிசிறு மிஞ்சும். சேனல் வழியில் எதையும் வெட்டுவதில்லை. நீலக்கோடு தெரியாத பார்வையைத் தேர்ந்துகொள்கிறோம், அவ்வளவே.

இதே கோப்பைச் சாதாரணமாகச் சாம்பல் நிறத்துக்கு மாற்றினால் என்ன ஆகும்? வழக்கமான கணக்கில் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று பங்கு. கூட்டிப் பார்த்தால் அந்த நீலக்கோடு 196 ஆகிவிடும். மெல்லிய எச் பென்சில் கோடு போலத் தெரியும். அதற்குப் பிறகு அதைப் பிரிக்க வழி இல்லை. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று ஸ்கேனரில் ‘க்ரேஸ்கேல்’ போட்டுவிடாதீர்கள். பென்சில் படத்தையும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

செய்முறை சுருக்கமானது. போட்டோஷாப்பில் ‘சேனல் மிக்சர்’ திறந்து ‘மோனோக்ரோம்’ டிக் போட்டு, ரெட் 0, க்ரீன் 0, ப்ளூ 100 என்று வையுங்கள். காசு கொடுக்காமல் கிடைக்கும் கிம்ப்பில் ‘மோனோ மிக்சர்’ இருக்கிறது, அதே எண்கள்தான். பிறகு ‘கர்வ்ஸ்’ எடுத்து, தாளின் மிச்சச் சாம்பல் வெள்ளையாகும் வரை மேல்முனையை மெதுவாக நகர்த்துங்கள்.

சிலர் முதல் கட்டமைப்புக்குச் சிவப்பும் திருத்தத்துக்கு நீலமும் பயன்படுத்துவீர்கள். நல்ல பழக்கம், அனிமேஷன்காரர்கள் நெடுங்காலமாகச் செய்வது. ஆனால் நீலச் சேனலில் நீலம் மறைந்தால் சிவப்பு கறுப்பாக எழுந்து நிற்கும். சிவப்புச் சேனலில் சிவப்பு மறைந்து நீலம் எழும். இதற்கும் வழி உண்டு. கிம்ப்பின் ‘டீசேச்சுரேட்’ பட்டியலில் ‘வேல்யூ’ என்று ஒரு முறை இருக்கிறது. அது ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று எண்களில் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். சிவப்புக் கோட்டில் சிவப்பு எண் பெரிது, நீலக் கோட்டில் நீல எண் பெரிது, ஆகவே இரண்டும் ஒரே சொடுக்கில் வெளுத்துவிடும். பென்சிலுக்கு மூன்றும் சிறியவை, அது அசையாது. போட்டோஷாப்பில் சிவப்புச் சேனலையும் நீலச் சேனலையும் இரண்டு லேயராக வைத்து மேல் லேயரை ‘லைட்டன்’ ஆக்கினால் அதே பலன்.

எந்த நீலம் என்று கேட்பீர்கள். இதற்கென்று விற்கும் பென்சில் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது. தேடி அலைய வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளின் கலர் பென்சில் பெட்டியில் இருக்கும் ஸ்கை ப்ளூ போதும். அடர்நீலம் வேண்டாம், நீலச் சேனலிலும் அது இருட்டாகவே இருக்கும். பென்சிலைத் தளர்வாகப் பிடித்து, கோடு உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு இழுங்கள். கலர் பென்சிலில் மெழுகு இருக்கிறது. அழுத்திப் போட்டால் அதன் மேல் கிராஃபைட் ஒட்டாது, நிழலின் நடுவே வெளிறிய கோடாக அது மறுபடி தலைகாட்டும். இன்னொரு ஆபத்து பள்ளம். 4எச் போன்ற கடினமான பென்சிலில் லேசாகத்தான் போட்டேன் என்பார்கள். நிறம் லேசுதான், ஆனால் தாள் குழிந்திருக்கும். ரப்பரால் அழித்த பிறகும் அந்தக் குழியில் நிழல் விழாமல் வெள்ளைக்கோடாக நிற்கும். குழிக்கு நிறம் கிடையாது, எந்தச் சேனலும் அதைப் போக்காது.

தாளையும் கவனியுங்கள். பழுப்பேறிய தாள், கிரீம் நிறத் தாள் இவை நீல ஒளியை விழுங்குகிறவை. நீலச் சேனலில் அந்தத் தாள் மங்கலாக, திட்டுத் திட்டாக வரும். அப்படிப்பட்ட தாளில் வரைகிறவர்கள் துணைக்கோட்டை வெளிர்சிவப்பில் போட்டுச் சிவப்புச் சேனலை எடுப்பது நல்லது. அதில் பழுப்பும் வெளுத்துவிடும்.

இனி ஸ்கேன். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால், கேட்காமலே குறைந்த அளவில் ஒரு பி.டி.எஃப். போட்டுத் தருவார்கள். ஆவணத்துக்கு அது சரி. படத்துக்கு 600 டி.பி.ஐ., கலர் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஏ4 தாள் அந்த அளவில் 4960க்கு 7016 புள்ளிகள், சுருக்காத கோப்பு 100 எம்.பி. சுமாருக்கு வரும். கனம் என்று தோன்றினால் 300 டி.பி.ஐ.க்குக் கீழே மட்டும் போகாதீர்கள். ‘ஆட்டோ’ திருத்தங்களை அணைக்கச் சொல்லுங்கள். எழுத்தைத் தெளிவாக்கும் வசதியும் பின்னணியை வெளுக்கும் வசதியும் உங்கள் மெல்லிய கோடுகளைத்தான் முதலில் தின்னும்.

டிஃப் அல்லது பி.என்.ஜி. ஆகச் சேமியுங்கள். ஜேபெக் ஏன் வேண்டாம் என்றால், அது வெளிச்சத்தை ஒரு பக்கமும் நிறத்தை ஒரு பக்கமும் பிரித்து வைத்து, பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒரு நிறம் என்று சிக்கனம் பிடிக்கும். சாதாரணப் புகைப்படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. நாமோ நிறத்தை நம்பியே கோட்டைப் பிரிக்கிறோம். அரை மில்லிமீட்டர்க் கோடு 300 டி.பி.ஐ.யில் ஆறு புள்ளி அகலம்தான். அதன் நிறத்தை அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்கும் பூசிவிட்டால் பென்சிலின் ஓரமெல்லாம் நீலம் கசியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கி இந்தக் கேடும் சேரும். அதிலேயே ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே வந்துசேரும்.

போனில்தான் பிடிக்க முடியும் என்றால் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாத இடத்தில், தாளுக்கு நேர்மேலே பிடித்து எடுங்கள். இரவு மஞ்சள் பல்பின் ஒளியில் நீலம் குறைவு; நீலச் சேனல் முழுக்கப் பொரிப்பொரியாக வரும். ஸ்கேன் ஆப்புகள் தாளை வெளுப்பாக்கித் தருவதை அழகு என்று நம்பாதீர்கள். வெறும் கேமராவே மேல்.

ஏற்கெனவே பென்சிலிலேயே கட்டம் போட்டு முடித்த படங்களை என்ன செய்வது? கையை விரிக்கவில்லை. ஆனால் அங்கே நடப்பது பிரிப்பு இல்லை, ஒட்டுப்போடுவது. வெற்றிடத்தில் ஓடும் கோட்டை வெள்ளைத் தூரிகையால் மூடிவிடலாம். மெல்லிய கோடு அடர்ந்த கோட்டை உரசி ஓடுகிற இடத்தில் ‘டாட்ஜ்’ கருவியை ‘ஹைலைட்ஸ்’ என்று வைத்துத் தேய்த்தால் வெளிறியது மேலும் வெளிறும், அடர்ந்தது அப்படியே இருக்கும். நிழலுக்குள் ஓடும் கட்டம்தான் பாடாய்ப்படுத்தும். கோட்டின் அகலத்துக்கு ஒரு மெல்லிய தேர்வை எடுத்து, ஓரத்தை மென்மையாக்கி, அந்தப் பட்டையை மட்டும் கர்வ்ஸில் வெளிச்சமாக்கி, அக்கம்பக்கத்து நிழலோடு சேரும் வரை பொருத்த வேண்டும். மிச்சத்துக்கு ‘ஹீலிங்’ தூரிகை. ஒவ்வொரு கட்டத்துக்கும் இதே பாடு. இதெல்லாம் ஸ்கேன் லேயரின் நகலில் செய்ய வேண்டியவை. மூலத்தை ஒருபோதும் தொடாதீர்கள்.

கட்டத்தைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துவிடாதா என்று இப்போது பலர் கேட்கிறீர்கள். 2023இல் போட்டோஷாப்புக்குள் வந்த ‘ஜெனரேட்டிவ் ஃபில்’ போன்றவை சுற்றுப்புறத்தைப் பார்த்து, அங்கே என்ன இருந்திருக்கலாம் என்று ஊகித்துப் புதிதாக நிரப்புகின்றன. வானத்துக்குச் சரி. கண் இமையின் மேல் ஓடிய கோட்டை எடுக்கச் சொன்னால் இமையையும் அது தன் மனம்போல வரைந்துவிடும். புத்தகத்தில் உங்கள் பெயர் போடுகிறோம்; இமையை வரைந்தது யார்? நீலப் பென்சில் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். சிலர் சுத்தத்தில் எல்லை தாண்டுகிறீர்கள். ‘த்ரெஷோல்ட்’ போட்டு எல்லாவற்றையும் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாக வெட்டி அனுப்புகிறீர்கள். துணைக்கோடு போய்விடுகிறது, கூடவே பென்சிலும் போய்விடுகிறது. தாளின் சொரசொரப்பில் கிராஃபைட் மேடு தொட்டும் பள்ளம் தொடாமலும் விழுவதால்தான் பென்சில் கோட்டுக்கு அந்தப் பூமணல் உடல். அதை இரண்டாக வெட்டினால் மிஞ்சுவது ரம்பப் பல். ‘லெவல்ஸ்’ஸில் வெள்ளை முள்ளைத் தாறுமாறாக இழுப்பதும் இதே கொலைதான், முதலில் சாவது குழந்தையின் கன்னத்து மெல்லிய நிழல். தாளின் சாம்பலை விட்டுவைத்தாலும் ஆபத்து உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அச்சில் அது நுண்புள்ளிகளாக விழுந்து, படத்தைச் சுற்றி அழுக்குப் பெட்டி போலத் தெரியும். ஆகவே வெறும் தாள் முழு வெள்ளையாக வேண்டும், மெல்லிய நிழல் நிழலாகவே இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கர்வ்ஸை வளைப்பது என் வேலை. அதை எனக்கு விட்டுவையுங்கள்.

எல்லாத் துணைக்கோடும் போக வேண்டும் என்றும் இல்லை. டிஸ்னியின் 101 டால்மேஷியன்ஸ் 1961இல் வந்தது. அதற்கு முன் கலைஞர்களின் பென்சில் கோட்டை வேறு கைகள் மையில் நகலெடுத்து செல்லுலாய்டில் ஏற்றும். அந்தப் படத்தில் ஜெராக்ஸ் முறையைப் பயன்படுத்திப் பென்சில் கோட்டை நேராகவே ஏற்றினார்கள். அதற்குப் பிந்தைய தி ஜங்கிள் புக் (1967) போன்ற படங்களிலும் பாத்திரங்கள் அசையும்போது உற்றுப் பாருங்கள்: உருவத்தைக் கட்டிய கோடுகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நடுங்கும். துடைத்துவிட்டிருந்தால் அந்தத் துடிப்பு வந்திருக்காது. ஓடும் நாயின் முதுகில் இரண்டாவதாக ஒரு கோடு இருக்கலாம். பாட்டியின் கன்னத்தில் கட்டம் இருக்கக் கூடாது. எதை விடுவது, எதை எடுப்பது என்று முடிவு செய்கிற உரிமை உங்களுடையது. தங்க வேண்டிய கோட்டைப் பென்சிலில் போடுங்கள், போக வேண்டியதை நீலத்தில் போடுங்கள். உங்கள் முடிவை நான் பிசகில்லாமல் நிறைவேற்றுவேன். எல்லாம் ஒரே பென்சிலில் வந்தால், உங்களுக்குப் பதிலாக நான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஓவியர் இருக்கும்போது பக்கம் கட்டுகிறவன் அதைச் செய்யலாகாது.

டேப்லெட்டில் வரைந்தால் லேயரை அணைத்துவிட்டால் போதுமே, எதற்கு இந்தத் தலைவலி என்று உங்களில் இளையவர்கள் சொல்வது கேட்கிறது. உண்மைதான், அங்கே துணைக்கோட்டுக்குத் தனி லேயர். தாளில் அந்த லேயரை உங்களுக்குத் தருவது நிறம். தாளும் பென்சிலும் தரும் கோடு வேண்டும் என்று வந்தவர்களுக்கு, அந்த ஒரு கலர் பென்சில் பெரிய செலவும் இல்லை.

ஆகவே பதிப்பாளர் யாராக இருந்தாலும், படம் யாருக்காக இருந்தாலும், என் வேண்டுகோள் இவ்வளவுதான்: போக வேண்டிய கோடு ஸ்கை ப்ளூவில், அழுத்தாமல். ஸ்கேன் கலரில், குறைந்தது 300 டி.பி.ஐ., டிஃப் அல்லது பி.என்.ஜி. நீங்கள் சுத்தம் செய்திருந்தாலும் செய்யாத மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். துணைக்கோட்டில் எதையாவது விட்டுவைக்க விரும்பினால் ஒரு வரி எழுதிவிடுங்கள். என் பங்குக்கு, மெல்லிய நிழல் ஒன்றையும் சாகவிட மாட்டேன். அச்சுக்குப் போகும் முன் திருத்திய படத்தை உங்களுக்கு அனுப்பி ஒப்புதல் கேட்பேன்.

அடுத்த படத்தைத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் வழக்கமாக வரையும் தாளில் பாதியை எடுத்து, கையில் இருக்கும் நீலப் பென்சில்களால் வரிசையாகச் சில கோடுகள் போடுங்கள். அவற்றின் குறுக்கே 2பியில் ஒரு பட்டை நிழல் தீட்டுங்கள். ஸ்கேன் செய்து நீலச் சேனலைத் திறங்கள். நிழலுக்கு உள்ளேயும் வெளியேயும் எந்தக் கோடு காணாமல் போயிருக்கிறதோ, அந்தப் பென்சிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களைப் பக்கத்தில் ஏற்றுபவன்